ஐந்நூற்று எழுபத்தொரு கோடுகள்

ஜனவரி 12
காவலர் குடியிருப்பு

அன்புள்ள அக்கா,

இந்தக் கடிதத்திலும் இனி எழுதப்போகும் கடிதங்களிலும் நடந்ததை நடந்தபடியே எழுதுவேன். எனக்குச் சாதகமாக எதையும் கூட்ட மாட்டேன். உனக்கு வலிக்குமே என்று எதையும் குறைக்கவும் மாட்டேன். கண்ணால் பார்த்தது, காதால் கேட்டது, நானாக ஊகித்தது, மூன்றையும் தனித்தனியாகச் சொல்வேன். ஆய்வுக் குறிப்பு அப்படித்தான் எழுத வேண்டும் என்று அறிவியல் டீச்சர் சொல்லியிருக்கிறார்.

போன் செய்யலாமே என்று நினைப்பாய். செய்தால் நீ எடுப்பதில்லை. எடுத்தாலும் "அப்புறம் பேசறேன்" என்று வைத்துவிடுகிறாய். கடிதத்தை அப்படி வைத்துவிட முடியாது. மேசைமேல் கிடந்து உன்னையே பார்த்துக்கொண்டிருக்கும்.

பார்த்தது: கிழக்குச் சரிவில் பதினொரு விளக்குக் கம்பங்கள் நட்டிருக்கிறார்கள். சுற்றுலாக் கம்பெனி ஒன்று அங்கே பார்வை மேடை கட்டப்போகிறது. பள்ளத்தாக்கை ராத்திரியிலும் பார்க்கலாமாம். இப்போது சோதனை ஓட்டம். இருட்டத் தொடங்கியதும் பதினொன்றும் எரிகின்றன. நம் அடுக்களை ஜன்னல் வழியாக வரும் வெளிச்சத்தில் அம்மா லைட் போடாமலே பாத்திரம் தேய்க்கிறாள்.

கேட்டது: கிழக்குச் சரிவு சரணாலயத்துக்குள் இருக்கும்வரை மேடை கட்ட முடியாது. அதனால் எல்லைக் கோட்டை மாற்றி வரைந்து, சரிவை வெளியே தள்ளப்போகிறார்கள். அங்கே மலையாடுகள் இல்லை என்று நிரூபித்தால் போதும். நேற்று ரேஞ்சர் சார் ஒரு தாளோடு வீட்டுக்கு வந்தார். அந்தச் சரிவைப் பன்னிரண்டு வருடமாகக் காவல் காப்பவர் என்ற முறையில் அப்பா அதில் கையெழுத்துப் போட வேண்டுமாம். நான் கதவுக்குப் பின்னால் வரலாற்றுப் பாடம் படிப்பதுபோல் நின்றிருந்தேன்.

"ஒரு கையெழுத்துதானேப்பா. ஆறு வருஷக் கணக்கு கம்ப்யூட்டர்லயே இருக்கு. சராசரி ஒரு ஆடுகூட தேறல."

"கம்ப்யூட்டர் என்னிக்கு சார் மலை ஏறிச்சு?"

"ஆடு இருந்துச்சுன்னு சொல்றியா? அப்ப ஆறு வருஷமா நீ அங்க போகாமலே வீட்ல உக்காந்து எழுதினேன்னு ஆகும். எது வேணும் உனக்கு, நீயே சொல்லு."

அப்பா தாளை நாலாக மடித்து ரேஞ்சர் சாரின் சட்டைப் பையிலேயே வைத்துவிட்டார். "டீ ஆறுது சார்" என்றார்.

ஊகித்தது: அப்பாவுக்குப் பயமாக இருக்கிறது. ஆனாலும் கையெழுத்துப் போட மாட்டார்.

நீ மாவட்ட வன அலுவலகத்தில் அந்தக் கம்ப்யூட்டருக்கு முன்னால்தான் உட்கார்ந்திருக்கிறாய். கிழக்குச் சரிவைப் பற்றி அதில் என்ன இருக்கிறது என்று பார்த்து எழுது. பஸ் ஸ்டாப்பில் தினமும் சாயங்காலம் ஐந்து மணிக்கு நான் அந்தச் சரிவைப் பார்க்கிறேன். ஆடுகள் இருக்கின்றன, அக்கா. போன வியாழக்கிழமை பதினான்கு.

உன் தங்கை


ஜனவரி 20
மாவட்ட வன அலுவலகம், பதிவுப் பிரிவு

குட்டி வாத்தியாருக்கு,

கடிதம் கிடைத்தது. ஆறு இடத்தில் அடிக்கோடு போட்டிருக்கிறாய். அவ்வளவு அழுத்தினால் பேனா முனை உடையும்.

கேட்டதைச் சொல்கிறேன். கிழக்குச் சரிவு: வாரம் இரண்டு நாள் வீதம் ஆறு வருடம், மொத்தம் 624 கணக்கெடுப்புகள். கண்ட ஆடுகள் 583. சராசரி 0.93. ரேஞ்சர் பொய் சொல்லவில்லை. அந்த ஆறு வருட ஏடுகளையும் கம்ப்யூட்டரில் ஏற்றியது நான்தான். இரண்டு வருடத்துக்கு முன் இந்த நாற்காலியில் என்னை உட்காரவைத்த நாளில் கொடுத்த முதல் வேலை. அதற்குப் பிறகு வந்த ஏடுகளை இன்னும் ஏற்றவில்லை. மூன்று மாதம் தட்டினேன். பிரிவு மேலாளர் சரிபார்த்துவிட்டு "கை சுத்தம்மா உனக்கு" என்றார்.

பஸ் ஸ்டாப்பில் நின்று ஒரு பள்ளிக்கூடப் பெண் எண்ணிய பதினான்கை யாரும் ஏற்க மாட்டார்கள். கணக்கு காலை ஆறிலிருந்து எட்டுக்குள், காவல் பாறையிலிருந்து எடுக்க வேண்டும். சுற்றறிக்கை அப்படி.

அப்பாவைக் கையெழுத்துப் போடச் சொல். வேண்டாத இடத்தில் வீம்பு காட்டுவார், வேண்டிய இடத்தில் காட்ட மாட்டார். பெண்களையும் காவல் வேலைக்கு எடுத்த முதல் வருடம் நான் ஓட்டத்தில் தேறினேன், ஏற்றத்தில் தேறினேன், பாறைத் தேர்வில் பையன்களை முந்தினேன். ஆணை வந்தபோது அலுவலக உதவியாளர் என்று இருந்தது. ரேஞ்சரிடம் போய்ச் சொல்லி மாற்றியது யார் என்று உனக்கும் தெரியும். எனக்கு நாற்காலி வாங்கிக் கொடுத்த மனுஷன். நாற்காலியில் உட்கார்ந்து என்ன தட்டினேனோ அதைத்தான் இப்போது அவர் படிக்கிறார்.

அம்மாவின் முழங்கால் வலிக்கு மருந்து அனுப்பியிருக்கிறேன். ராத்திரி மட்டும் தடவச் சொல்.

அக்கா


ஜனவரி 28

அன்புள்ள அக்கா,

மருந்து வந்தது. அம்மா காலையிலும் தடவுகிறாள். "ஊர்ல உக்காந்துக்கிட்டு எனக்கு நேரம் சொல்றாளா" என்கிறாள்.

பெரிய செய்தி இரண்டு. முதலாவது: அப்பாவை மலையிலிருந்து இறக்கிவிட்டார்கள். இனிமேல் ரோட்டுச் சோதனைச் சாவடியில் தடுப்புக் கம்பைத் தூக்கி இறக்கும் வேலை. ஆணையில் "நிர்வாகக் காரணம்" என்று இருக்கிறது. அப்பா அதைப் படித்துவிட்டு, "கம்புதானே. மலையைவிட லேசாத்தான் இருக்கும்" என்றார். ஆனால் பூட்ஸுக்குத் தினமும் எண்ணெய் போட்டு வைக்கிறார். சாவடிக்குச் செருப்பு போதும்.

இரண்டாவதை நிதானமாகப் படி.

அலுவலகத்துக்குக் கொடுக்கும் ஏட்டில் எழுதுவதற்கு முன்னால், பாறையில் உட்கார்ந்து அப்பா எழுதுவது சட்டைப் பையில் இருக்கும் சின்ன நோட்டில்தான். எல்லாவற்றையும் கட்டிலுக்கடியில் தகரப் பெட்டியில் வைத்திருக்கிறார். மேலே உன்னுடைய பழைய ஓட்டப்பந்தயக் காலணி இருந்தது. அதைத் தள்ளிவிட்டு, நீ ஏற்றிய அந்த ஆறு வருடத்து நோட்டுகளையும் எடுத்தேன். பென்சிலில் எழுதியிருக்கிறார். பேனா என்றால் ஈரத்தில் கரைந்துவிடுமாம். இரண்டு மூன்று பக்கங்களில் அட்டை நசுங்கிய ரத்தக் கறை இருக்கிறது.

கிழக்கு என்ற பத்தியில் பெரும்பாலும் எண் இல்லை, அக்கா. சின்னதாக ஒரு படுக்கைக் கோடு. சாவடியிலிருந்து அப்பா வந்ததும் கேட்டேன்.

"இது என்னப்பா கோடு?"

"மூட்டம். கண்ணுக்கு ஒண்ணுமே தெரியலைன்னா கோடு. நல்லாத் தெரிஞ்சு, ஆடு இல்லைன்னாதான் முட்டை."

"ரெண்டும் ஒண்ணில்லையா?"

"உன் பரீட்சை பேப்பர் இன்னும் திருத்தலைங்கிறதும், நீ முட்டை வாங்கினதும் ஒண்ணா?"

கிழக்குச் சரிவில் காலையில் மூட்டம் விலகுவது அபூர்வம். சாயங்காலம்தான் வெளுக்கும். இதை நான் கவனித்து வைத்திருக்கிறேன். ஆனால் சுற்றறிக்கை காலையில்தான் எண்ணச் சொல்கிறது.

நாலு நாள் பள்ளி விட்டதும் உட்கார்ந்து எண்ணினேன். ஒருமுறை மேலிருந்து, ஒருமுறை கீழிருந்து. 624 நாட்களில் கோடு 571. மீதி 53 நாள்தான் சரிவு கண்ணுக்குத் தெரிந்திருக்கிறது. அந்த 53 நாளில் அப்பா பார்த்த ஆடுகள் 583. ஐம்பத்து மூன்றால் வகுத்துப் பார். மிச்சமில்லாமல் பதினொன்று வரும்.

பார்க்க முடிந்த நாளில் எல்லாம் சராசரியாகப் பதினொரு ஆடுகள். உங்கள் கம்ப்யூட்டரில் சராசரி ஒன்றுகூட இல்லை. 571 கோடுகளும் பூஜ்ஜியமாகியிருந்தால்தான் அப்படி வரும். யார் ஆக்கினார்கள் என்று நான் ஊகிக்கவில்லை. நீயே சொல்லிவிட்டாய், எல்லாவற்றையும் ஏற்றியது நீதான் என்று.

தெரியாமல் போட்டாயா?

உன் தங்கை


பிப்ரவரி 4

தங்கைக்கு,

படிவம் எண்ணை மட்டும்தான் ஏற்கும். கோடு போட்டால் சிவப்பாக மின்னும், அடுத்த வரிக்குப் போகாது. பிரிவு மேலாளரைக் கேட்டேன். "எண்ணில்லைன்னா பூஜ்ஜியம் போடும்மா, இதுக்கெல்லாம் ஒரு கேள்வியா" என்றார். போட்டேன். இதில் தெரிந்ததும் இல்லை, தெரியாததும் இல்லை.

நோட்டுகளைப் பெட்டியில் திரும்ப வை. என் காலணியையும் இருந்த இடத்தில் வை. இனி இதைப் பற்றி எழுதாதே. எனக்கு இங்கே வேலை இருக்கிறது.

அக்கா


பிப்ரவரி 9

அக்கா,

எழுதாதே என்றாய். எழுதுகிறேன்.

கம்பெனி எங்கள் பள்ளியில் ஓவியப் போட்டி வைத்தது. தலைப்பு: "ஒளிரும் மலை". பரிசு வண்ணப் பெட்டி. எல்லோரும் மலைமேல் விளக்கு வரைந்தார்கள். நான் தாள் முழுக்கச் சாம்பல் நிறம் தீட்டி, நடுவில் ஒரே ஒரு படுக்கைக் கோடு போட்டுக் கொடுத்தேன். தலைமை ஆசிரியை கூப்பிட்டார்.

"என்ன இது?"

"கிழக்குச் சரிவு, மிஸ். காலை ஏழு மணி."

"ஒண்ணுமே இல்லையே."

"இருக்கு மிஸ். தெரியல. அவ்வளவுதான்."

"வாய் நீளுது உனக்கு. ஒரு விளக்காவது வரைஞ்சு குடு. நல்லா வரையற பொண்ணு, பரிசை ஏன் விடறே?"

வரைய மாட்டேன் என்று சொன்னேன். அந்த வாரம் முழுக்க மதிய இடைவேளையில் நூலகத்துக்குப் போகக் கூடாது என்று தண்டனை. உண்மையைச் சொல்வதாக வாக்குக் கொடுத்திருப்பதால் சொல்கிறேன்: இரண்டாம் நாள் கழிவறைக்குப் போய் அழுதேன். மூன்றாம் நாள் நோட்டுகளை எடுத்துப்போய் வகுப்பிலேயே உட்கார்ந்து 571 கோடுகளையும் தேதியோடு பெரிய தாளில் பிரதி எடுத்தேன். தண்டனை உபயோகமாக இருந்தது.

இன்னொன்று. முந்தாநாள் சாயங்காலம் நான் பஸ் ஸ்டாப்பில் நின்றபோது மந்தை சரிவின் குறுக்கே இறங்கிக்கொண்டிருந்தது. தாய் ஆடுகளும் குட்டிகளும். அன்று விளக்கை முன்னதாகவே போட்டுவிட்டார்கள். எல்லாம் அப்படியே கல்லாகி நின்றன. பிறகு கலைந்து ஓடின. ஒரு குட்டி வெளிச்சத்துக்கு நேராகத் திரும்பி ஓடி, விளிம்பிலிருந்து விழுந்தது. சத்தம் இவ்வளவு தூரம் வரவில்லை. எங்கே விழுந்தது என்று குறித்துக்கொண்டு வந்து அப்பாவிடம் சொன்னேன். காலையில் சாவடிக்குப் போவதற்கு முன்னால் மேலே போய் அதைப் புதைத்துவிட்டு வந்தார். மலையில் அவருக்கு இப்போது அனுமதி இல்லை. கேட்டால் "வழி மாறிப் போயிட்டேன்" என்று சொல்வாராம். பன்னிரண்டு வருடம் நடந்த வழி.

பிப்ரவரி 24 காலை பத்து மணிக்கு எங்கள் பள்ளி மண்டபத்தில் பொதுமக்கள் கருத்துக் கேட்புக் கூட்டம். தலைமை வன அதிகாரி வருகிறார். எல்லையை மாற்றலாமா என்று அன்றே எழுதிக்கொண்டு போவாராம். பேச ஆளுக்கு இரண்டு நிமிடம். பதினெட்டு வயது ஆகாதவர்கள் பேசக் கூடாது. அப்பா பேசினால் வேலையைக் காப்பாற்றப் பொய் சொல்கிறார் என்பார்கள். அம்மா மேடையைப் பார்த்தாலே நாக்கு ஒட்டிக்கொள்ளும் என்கிறாள்.

நீ பதில் சொன்ன விதத்தைப் பத்துத் தடவை படித்தேன். "தெரிந்ததும் இல்லை, தெரியாததும் இல்லை" என்று ஒன்று கிடையாது, அக்கா. நானே இன்னொரு தடவை கேட்கிறேன். அது மூட்டம் என்று உனக்குத் தெரியுமா, தெரியாதா?

நீ வராவிட்டாலும் நான் மண்டபத்துக்குப் போவேன்.

உன் தங்கை


பிப்ரவரி 16

குட்டி வாத்தியாருக்கு,

தெரியும்.

எப்படித் தெரியாமல் இருக்கும். உனக்கு இரண்டு வயது, எனக்குப் பத்து வயது இருக்கும்போது, லீவு நாளில் அப்பா என்னைப் பாறைக்குக் கூட்டிக்கொண்டு போவார். நோட்டு என் மடியில் இருக்கும். அவர் பைனாகுலரில் பார்த்து "நாலு" என்றால் நாலு எழுதுவேன். "கோடு" என்றால் கோடு. ஒருநாள் மூட்டத்துக்குள் வெறுமனே உட்கார்ந்திருக்கச் சலிப்பாக இருந்தது, நானாக முட்டை போட்டுவிட்டேன். அப்பா ரப்பரை எடுத்து அழித்துவிட்டு, "தெரியாததைத் தெரியலைன்னு சொல்லு. இல்லைன்னு சொல்ல நாம யாரு" என்றார். திட்டவில்லை. ஆனால் அன்று முழுக்க எனக்குக் காது சுட்டது.

பதிவேட்டுப் படிவத்தில் கடைசியில் குறிப்பு என்று ஒரு கட்டம் உண்டு. மேலாளர் பூஜ்ஜியம் போடச் சொன்ன அன்று நான் பூஜ்ஜியம் போட்டு, குறிப்புக் கட்டத்தில் "மூட்டம்" என்று தட்டினேன். முதல் மூன்று நாள் அப்படித்தான் செய்தேன். நாற்பத்தொரு வரி. போய் எண்ணிப் பார்த்தேன், நேற்று.

நாலாவது நாள் ஒவ்வொரு வரியிலும் அவர் கையெழுத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். நான் நிற்க வேண்டிய பாறை. நான் எழுத வேண்டிய நோட்டு. என்னை அங்கே விடாதவர் போட்ட கோட்டுக்கு நான் ஏன் விளக்கம் எழுத வேண்டும் என்று தோன்றியது. குறிப்புக் கட்டத்தைக் காலியாக விட்டேன். யாரும் கேட்கவில்லை. மிச்சம் ஐந்நூற்று முப்பதையும் அப்படியே முட்டையாக்கினேன். ஆத்திரம்கூட முதல் ஒரு வாரம்தான். அப்புறம் வெறும் பழக்கம். அதுதான் எனக்கு இப்போது கூச்சமாக இருக்கிறது.

அது அப்பாவைக் குத்தும் என்று நினைத்தேன். ஒரு மலைச்சரிவே அதனால் போகும் என்று நினைக்கவில்லை. ஒரு குட்டி விழும் என்றும் நினைக்கவில்லை.

24-ஆம் தேதிக்கு விடுப்புக் கேட்டேன். மேலாளருக்கு மோப்பம் பிடித்துவிட்டது. "என்னத்துக்கும்மா அங்க? ஏத்தின ஆளே தப்புன்னு சொன்னா ஆபீஸ் மானம் போகும். உன் வேலையும் போகும்" என்றார். "சரி சார், ரெண்டும் ஒரே பஸ்ஸில போகட்டும்" என்றேன்.

நீ பிரதி எடுத்த தாளைக் கொண்டு வா. அப்பாவிடம் எதுவும் சொல்லாதே.

அக்கா


பிப்ரவரி 25

அன்புள்ள அக்கா,

நீ மேடையில் முன்பக்கம் பார்த்து நின்றாய். பேசி முடித்ததும் பக்கவாட்டுக் கதவு வழியாகப் போய் பஸ்ஸைப் பிடித்துவிட்டாய். நீ வருவதற்கு முன்னாலும் உன் முதுகுக்குப் பின்னாலும் நடந்தது உனக்குத் தெரியாது. அதை எழுதுகிறேன்.

பத்து மணிக்குக் கம்பெனிக்காரர் படம் போட்டுக் காட்டினார். எல்லாப் படத்திலும் விளக்கு. ரேஞ்சர் சார் 0.93 என்பதைப் பெரிய எழுத்தில் காட்டினார். பிறகு பெயர் சொல்லிக் கூப்பிட்டார்கள். நான் தாளோடு எழுந்தேன். தலைமை வன அதிகாரி, கண்ணாடி போட்ட அம்மா ஒருவர், "வயசு?" என்று கேட்டார். பதினாலு என்றேன். "பேச முடியாதும்மா, உக்காரு" என்றார்.

நான் உட்காரவில்லை. பேசக் கூடாது என்றுதான் விதி. நிற்கக் கூடாது என்று விதியில் இல்லை. முந்தின நாள் அறிவிப்புப் பலகையில் இரண்டு தடவை படித்துப் பார்த்தேன். தலைமை ஆசிரியை கண்ணாலேயே மிரட்டினார். ஐந்து நிமிடம் கழித்துப் பக்கத்தில் அம்மாவும் எழுந்து நின்றாள். "நீ ஏம்மா?" என்று கேட்டேன். "உன்னைத் தனியா நிக்க விட்டா ஊரு என்ன சொல்லும்" என்றாள். மருந்து தடவிய முழங்காலோடு ஒன்றேகால் மணி நேரம் நின்றாள். அதற்குப் பிறகு ஆறேழு பேர் எழுந்து நின்றார்கள். ஏன் என்று தெரியாமலே நின்றார்கள் என்பது என் ஊகம்.

பதினொன்று நாற்பதுக்கு நீ வந்தாய். தலையெல்லாம் ரோட்டுப் புழுதி. என் கையிலிருந்து தாளை வாங்கும்போது என்னைப் பார்க்கவே இல்லை.

"அந்தப் பூஜ்ஜியத்தைப் போட்டது நான்" என்று நீ தொடங்கியதும் ரேஞ்சர் சார் செல்போனை எடுத்து, திரையைக் கைக்குட்டையால் துடைக்க ஆரம்பித்தார். கடைசிவரை துடைத்துக்கொண்டே இருந்தார். நாற்பத்தொரு வரி அச்செடுத்த தாளை நீ அதிகாரியம்மாவிடம் கொடுத்தபோது கம்பெனிக்காரர், "ஆபீஸ் பொண்ணு, குடும்பச் சண்டை" என்று பக்கத்தில் இருந்தவரிடம் சொன்னார். அம்மா திரும்பி, "ஆமா, எங்க குடும்பச் சண்டைதான். அதுக்கு நடுவுல நீங்க எதுக்கு மேடை கட்டறீங்க?" என்றாள். நாக்கு ஒட்டவில்லை.

அப்பா வந்திருந்தார். உனக்குத் தெரிந்திருக்காது. சாவடியை விட்டு நகரக் கூடாது என்பதால் கம்பைத் தூக்கிக் கட்டிவிட்டு வந்து, மண்டபத்துக்கு வெளியே ஜன்னலோரம் நின்றார். "தெரியாததைத் தெரியலைன்னு சொல்லு, இல்லைன்னு சொல்ல நாம யாருன்னு எங்க அப்பா சொன்னார். நான் இல்லைன்னு சொன்னேன். அறுநூத்து இருபத்து நாலுல ஐநூத்து எழுபத்தோரு தடவை பொய் சொன்னேன்" என்று நீ சொன்னபோது தொப்பியைக் கழற்றிச் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார். முகம் எப்படி இருந்தது என்று பார்க்க முடியவில்லை. ஊகிக்கவும் விரும்பவில்லை.

பிறகு கம்பை இறக்குவதற்காக வேகமாகப் போய்விட்டார். நீ ஏறிய பஸ் அந்தச் சாவடியைத் தாண்டித்தான் போக வேண்டும். அங்கே என்ன நடந்தது என்று வீட்டில் யாரும் சொல்ல மாட்டேன் என்கிறார்கள். நேற்று சாயங்காலம் நான் கேட்காமலே அப்பா ஒன்று சொன்னார்: "இவ தேறின வருஷம்தான் என்கூடக் காவலுக்கு இருந்தவரைக் கரடி கிழிச்சுது. நான்தான் தூக்கிட்டு வந்தேன். இவளை நாற்காலியில உக்கார வெச்சா எனக்குத் தூக்கம் வரும்னு நெனச்சேன். வரலை." நடந்ததை நடந்தபடி எழுதுவதாகச் சொல்லியிருப்பதால் எழுதிவிட்டேன். அவரிடம் அனுமதி கேட்கவில்லை.

அதிகாரியம்மா கூட்டம் முடிந்ததும் என்னிடம் வந்து, "இப்ப உக்காரலாம்" என்றார். முடிவு என்ன என்று கேட்டேன். எழுத்தில் வருமாம். விளக்கு இன்னும் எரிகிறது.

உன் தங்கை


மார்ச் 15
காவல் பாறைக் குடிசை

குட்டி வாத்தியாருக்கு,

முகவரியைப் பார். பார்த்தாயா. இன்னொரு தடவை பார்.

எனக்குத் தண்டனை கொடுத்துவிட்டார்கள். பதிவில் தவறு செய்ததற்காக ஊதிய உயர்வு நிறுத்தம். மேலாளரிடம் மரியாதையில்லாமல் பேசியதற்காக இடமாற்றம். "வசதிகளற்ற கள முகாமில் ஓராண்டு, மறுகணக்கெடுப்புப் பணி." ஆணையைக் கையில் கொடுக்கும்போது மேலாளர், "அட்டை கடிக்கும், கரண்ட் இருக்காது, யோசிச்சிருக்கணும்" என்றார். நான் தலையைக் குனிந்துகொண்டேன். நிமிர்ந்திருந்தால் சிரித்திருப்பேன். யாரிடமும் சொல்லாதே.

மறுகணக்கு காலையிலும் மாலையிலும். அதிகாரியம்மா சுற்றறிக்கையைத் திருத்தியிருக்கிறார். படிவத்தில் "காண இயலவில்லை" என்று புதிதாக ஒரு கட்டம். அந்தக் கட்டத்துக்கு நான் ஐந்நூறு தடவை மன்னிப்புக் கேட்க வேண்டும். ஓராண்டு கணக்கு முடியும்வரை எல்லையில் கைவைக்கக் கூடாது, மேடை வேலையும் நிறுத்தம். விளக்கை அணைக்கும் ஆணை தனியாக வருமாம். கம்பெனி மேல்முறையீடு செய்யப்போகிறது. செய்யட்டும். அதற்குள் என் நோட்டு நிறைந்திருக்கும்.

அப்பா இன்னும் சாவடியில்தான். அவர் மலையில் நான் இருக்கிறேன், கம்படியில் அவர். இதை நினைத்தால் மட்டும் சாப்பாடு இறங்க மாட்டேன் என்கிறது. அவரை மேலே திருப்பி அனுப்பச் சொல்லி இரண்டு மனு எழுதியாகிவிட்டது. மூன்றாவது எழுதுகிறேன்.

சாவடியில் என்ன நடந்தது என்று கேட்டாய். பஸ் வந்து நின்றது. டிரைவர் ஹாரன் அடித்தார். அப்பா கம்பைத் தூக்கவில்லை. ஒவ்வொரு ஜன்னலாகப் பார்த்துக்கொண்டு வந்து என் ஜன்னலில் நின்றார். நாங்கள் பேசி இரண்டு வருடம். என்ன சொல்லப்போகிறாரோ என்று ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டேன். "டிக்கெட் எடுத்துட்டியா?" என்று கேட்டார். "எடுத்துட்டேன்" என்றேன். தலையாட்டிவிட்டுப் போய்க் கம்பைத் தூக்கினார். அவ்வளவுதான். பஸ்ஸில் பக்கத்தில் இருந்த அம்மாள் "யாரும்மா அது, செக்கிங்கா?" என்றார். "எங்க அப்பா" என்றேன்.

இன்று காலை மூட்டம். மாலை பதினாறு. வெளிச்சம் விழாத பக்கமாக ஒண்டி ஒண்டி நிற்கின்றன.

தகரப் பெட்டியில் இருக்கும் என் காலணியை ஜீப்பில் அனுப்பு.

அக்கா


மார்ச் 22

அன்புள்ள அக்கா,

இந்தக் கடிதமும் காலணியும் நாளை ரேஷன் ஜீப்பில் வரும். காலணிக்கு எண்ணெய் போட்டிருப்பது நான் இல்லை. கேட்டால் யாரும் ஒப்புக்கொள்ள மாட்டார்கள்.

வலது காலணிக்குள் ஒரு பென்சில் இருக்கும். கத்தியால் சீவியது. அப்பா சொன்னதை அவர் சொன்னபடியே எழுதுகிறேன்: "கோடு போட்டா பக்கத்துல மூட்டம்னு எழுதச் சொல்லு. எழுதாம விட்டது என் தப்பும்தான். கோட்டைப் பார்த்தா எல்லாருக்கும் புரியும்னு இருந்துட்டேன்." பிறகு கொஞ்ச நேரம் கழித்து, "பாறைக்கு மேற்கால கரடித் தடம் பார்த்தா அந்தப் பக்கம் போக வேண்டாம்னு சொல்லு" என்றார். அதற்கும் பிறகு, "போனாலும் சொல்லிட்டுப் போகச் சொல்லு" என்றார்.

தலைமை ஆசிரியை என் ஓவியத்தைத் திருப்பிக் கொடுத்தார். பின்பக்கம் மதிப்பெண் எழுதும் இடத்தில் ஒரு சின்னப் படுக்கைக் கோடு இருந்தது. கேலியா, பாராட்டா என்று தெரியவில்லை. தெரியவில்லை என்றே குறித்து வைத்திருக்கிறேன்.

கம்பெனிக்காரர் இன்று சாவடியைத் தாண்டிப் போகும்போது அப்பாவிடம், "ஒரு வருஷம்தானே, திரும்ப வருவோம்" என்றாராம். "வாங்க சார். கம்பைத் தூக்கணும்னா நான்தான் தூக்கணும்" என்றாராம் அப்பா. அம்மா இதை மூன்று வீட்டில் சொல்லிவிட்டு வந்தாள்.

இப்போது நான் அடுக்களை ஜன்னலில் உட்கார்ந்து எழுதுகிறேன். ஐந்தரை மணிக்கு வன அலுவலக வண்டி ஒன்று மேலே போனது. அம்மா பாத்திரத்தைப் போட்டுவிட்டு வந்து பக்கத்தில் நிற்கிறாள். அப்பா வாசலில் நிற்கிறார், வேறு எதையோ பார்ப்பதுபோல. வழக்கம்போல இருட்டத் தொடங்கியதும் பதினொன்றும் எரிந்தன. பிறகு கீழ்க் கம்பத்திலிருந்து ஒவ்வொன்றாகப் போனது. ஏழாவது கம்பம் மட்டும் இரண்டு தடவை சிமிட்டியது. அம்மா "போயேன்" என்றாள். போனது. இப்போது சரிவு இருக்கும் இடத்தில் ஒன்றும் தெரியவில்லை. ஆடுகள் எத்தனை என்று என்னால் எண்ண முடியாது. நோட்டில் கோடு போட்டு, பக்கத்தில் "இருட்டு" என்று எழுதினேன்.

மாலை 6.52. விளக்குகள் அணைக்கப்பட்டன.